காலியாக விட்ட கட்டம்

புதிய நிரலை அண்ணியின் மேசைக் கணினியில் முதன்முதலாகத் திறந்து காட்டியபோது அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"இது ஏன் பாப்பா அசையுது?"

நிறம் நன்றாக இருக்கிறது என்பார், எழுத்து தெளிவாக இருக்கிறது என்பார் என்று பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றிருந்தேன். அவரோ மவுஸின் சக்கரத்தை விரலால் ஒருமுறை உருட்டிவிட்டு என்னைப் பார்த்தார். திரை மொத்தமும் மேலே ஓடியது. தலைப்பு போய்விட்டது, இடப்பக்கத்துப் பொத்தான்கள் போய்விட்டன, கீழே எங்கிருந்தோ வெள்ளையாக ஒரு வெற்றிடம் ஏறி வந்தது. மறுபடி உருட்டினார். எல்லாம் இறங்கி வந்தன. "ஊஞ்சல் மாதிரி இருக்கு" என்றார்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. பட்டுக்கோட்டையைத் தாண்டி, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளையும் தாண்டி, கடலோரத்தில் இருக்கிற எங்கள் துறையில், படகு உரிமையாளர் சங்க அலுவலகத்தில் கணினி பார்ப்பது அவர் வேலை. எந்தப் படகு கடலுக்குப் போயிருக்கிறது, எத்தனை பேர் போயிருக்கிறார்கள், கடைசியாக வயர்லெஸ்ஸில் எப்போது பேசினார்கள் என்பதெல்லாம் அவர் கணக்கில் இருக்கும். அண்ணன் அந்தப் படகுகளில் ஒன்றில் நண்டு வலைக்குப் போகிறவன். நான் மட்டும் படித்துவிட்டு, தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் ஒரு மாடியில் நடக்கும் சின்ன மென்பொருள் நிறுவனத்தில் உட்கார்ந்துவிட்டேன். சங்கத்தின் பழைய கணினி உயிரை விட்டு, அதற்குள் இருந்த பழைய நிரலும் கூடவே போனபோது, புதிதாக ஒன்று செய்து தரும் வேலை எங்களிடம் வந்தது. நம்ம துறைப் பெண் அங்கே இருக்கிறாள் என்பதால்தான் வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய நிரலில் எதுவும் அசையாது. சுவரில் மாட்டிய காலண்டர் போல எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். அண்ணி ஜன்னல் வழியாகத் துறையைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்வார். திரையைப் பார்க்கவே வேண்டாம், எது எங்கே என்று கைக்குத் தெரியும். சங்கத்தாருக்கு இப்போது பிரவுசரில் ஓடுகிற நிரல் வேண்டும். எந்தக் கணினியிலும் திறக்க வேண்டும், ஆனால் பழையதைப் போல நிற்கவும் வேண்டும். எங்கள் மேலாளர் இதைக் கேட்டுவிட்டு, "சுலபம்தாங்க" என்றார். அவருக்கு எல்லாமே சுலபம். குத்தாலம் பக்கம் ஒரு காலத்தில் நிலபுலன்களோடு இருந்து, இப்போது வீட்டில் ஆளுக்கொரு ஊரில் உத்தியோகம் பார்க்கும் குடும்பத்துக்காரர். மனிதர் தங்கமானவர், ஆனால் "சுலபம்தாங்க" என்று அவர் சொன்ன எந்த வேலையும் எனக்குச் சுலபமாக முடிந்ததில்லை.

அண்ணியின் கேள்வி என்னை விடவில்லை. ஏன் அசைகிறது? தஞ்சாவூர் திரும்பும் பேருந்தில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரே கண்ணாடித் திரைதான். அதில் பழைய நிரல் ஒரு மேசை போல நிற்கிறது, என் நிரல் பாய் போல உருண்டு ஓடுகிறது. வலைப்பக்கம் என்பது முதலில் படிப்பதற்காக உண்டானது. அதற்கு அகலம் தெரியும், உயரம் பற்றிக் கவலையே கிடையாது. எழுதுவதற்கு இருக்கிற வரை கீழே வளர்ந்துகொண்டே போகும். மேசைக் கணினி நிரலோ திரையின் உயரத்துக்குள்ளேயே பிழைக்க வேண்டும். வளருவதற்குப் பழகிய ஒன்றை அடங்கியிருக்கச் சொல்வது எப்படி என்பதுதான் என் முன்னால் இருந்த வேலை. கேட்பதற்கு வறட்டு விஷயமாக இருக்கலாம். எனக்கோ அது சுவாரசியமாக இருந்தது. வேலையில் எனக்குப் பிடித்ததே இந்த மாதிரி ஒன்றுமில்லாத கேள்விகள்தான்.

விடை அந்தப் பேருந்திலேயே இருந்தது. வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதுகிற சி.எஸ்.எஸ். மொழியில் ஃபிளெக்ஸ்பாக்ஸ் என்று ஒன்று உண்டு, பெட்டிகளை வரிசையாக அடுக்கும் முறை. யாராவது அதை என்னிடம் விளக்கச் சொன்னால் மூன்று பேர் உட்காரும் பேருந்து இருக்கையைத்தான் காட்டுவேன். இருக்கையின் நீளம் மாறாது. இரண்டு பேர் மட்டும் என்றால் தாராளமாக உட்காரலாம். மூன்றாவதாக நண்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா வந்துவிட்டால், கூடை சுருங்காது, மற்ற இருவரும்தான் சுருங்கிக்கொள்ள வேண்டும். யாராவது இறங்கிப் போனால் மிச்சம் இருப்பவர் ஜன்னலோரமாக நகர்ந்துவிடுவார். ஃபிளெக்ஸ்பாக்ஸில் ஒவ்வொரு பெட்டியிடமும் நாம் சொல்வது இதுதான். இடம் மிச்சம் இருந்தால் நீ எடுத்துக்கொள். நெருக்கடி வந்தால் நீ சுருங்கு. நீ மட்டும் எதற்கும் சுருங்காதே.

அப்படித்தான் திரையைப் பிரித்தேன். வெளிப்பெட்டி திரையின் முழு உயரம், ஒரு இம்மி கூடக் கூடாது. அதற்குள் மேலே தலைப்பு, கீழே காற்று நிலவரம் காட்டும் சின்னப் பட்டை. இரண்டும் கூடைக்காரர்கள், சுருங்கமாட்டார்கள். நடுவில் மிச்சம் இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்கிற பெரிய பெட்டி. அதற்குள் மறுபடி மூன்று பெட்டிகள். இடப்பக்கம் பொத்தான்கள், நடுவில் படகுகளின் பட்டியல், வலப்பக்கம் எந்தப் படகைத் தொட்டாலும் அதன் முழு விவரம். பட்டியல் நீளமானால் பட்டியல் மட்டும் தனக்குள் உருள வேண்டும், மற்றவை நிற்க வேண்டும். காகிதத்தில் வரைந்தபோது அழகாக இருந்தது.

திரையில் ஓடவிட்டால் பழையபடி ஊஞ்சல். பட்டியலில் படகுகள் கூடக்கூட நடுப்பெட்டி கீழ்ப்பட்டையைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டது. எந்தப் பெட்டி முரண்டு பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் கரை கட்டினேன். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று திரை நிரம்பிவிட்டது. பின்னால் வந்து நின்ற மேலாளர், "என்னங்க, மார்கழிக்கு இன்னும் நாள் இருக்கே, கோலத்தை ஆரம்பிச்சிட்டீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சுலபம்னு சொன்னீங்களே சார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

கடைசியில் பிடிபட்டது. ஒரு பெட்டியைச் சுருங்கு என்று எத்தனை முறை சொன்னாலும், தனக்குள் இருப்பதைவிடச் சிறியதாக அது தானாக ஆகாது. அது அதன் பிறவிக் குணம். உள்ளே நீளமான பட்டியல் இருக்கும்போது எப்படிச் சிறுக்கும்? அது வீங்கி நிற்கிறது, அதைச் சுமக்கிற வெளிப்பெட்டியும் வீங்குகிறது, கடைசியில் திரையே வழிகிறது. அந்தப் பெட்டியிடம் உன் குறைந்தபட்ச உயரம் பூஜ்யம்தான் என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதினேன். கீழ்ப்பட்டை தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது, பட்டியல் மட்டும் தனக்குள் உருண்டது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

இப்படி ஒரு குணத்தை எதற்காக வைத்தார்கள் என்று அப்புறமும் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தோன்றிய விடை இது. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோவதைவிட, வெளியே வழிந்து அசிங்கமாகத் தெரிவது பரவாயில்லை என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. நிறைந்த பெட்டிகளைப் பற்றி இவ்வளவு யோசித்த நான், காலிப் பெட்டி என்ன செய்யும் என்று யோசிக்கவே இல்லை.

பட்டியலில் ஒவ்வொரு படகுக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் ஐந்து கட்டங்கள். படகு, ஆட்கள், புறப்பட்ட நேரம், திரும்பும் நேரம், கடைசியாகப் பேசிய நேரம். இதில் திரும்பும் நேரம் பழைய நிரலில் கிடையாது. நானும் மேலாளரும் சேர்ந்து புதிதாகப் போட்டது. சொன்ன நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால் அந்த வரி சிவப்பாக மாறும். கார் வாடகைக்குக் கூப்பிட்டால் எத்தனை மணிக்கு வரும் என்று காட்டுகிறதே, அது போல. மாதிரிக்காகப் படகுகளுக்கு மீன் பெயர்களை வைத்து, எல்லாக் கட்டத்தையும் நானே நிரப்பினேன். நேரங்கள் நடவு போட்ட வரிசையாக ஒன்றன் கீழ் ஒன்று நின்றன.

அடுத்த முறை அண்ணியிடம் காட்டியபோது சக்கரத்தை உருட்டிப் பார்த்தார். பட்டியல் மட்டும் உருண்டது. "ம்" என்றார். அண்ணியின் ம் சாதாரணமாகக் கிடைக்காது. பிறகு அந்தப் புதிய தலைப்பைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"லேட்டாச்சுன்னா செவப்பாக் காட்டும் அண்ணி."

"ஓ" என்றார். அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

நிரல் நிஜமாகவே ஓடத் தொடங்கிய காலையில், அது எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு முதல் பேருந்திலேயே கிளம்பினேன். ஒரத்தநாட்டைத் தாண்டும்போது விடிந்துவிட்டது. சம்பா கதிர் பிடித்திருந்தது. வாடைக்காற்று பலமாக அடித்ததில் வயல் முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. ஒரு தாளும் இன்னொன்றின் மேல் ஏறாமல் எப்படி எல்லாம் ஒரே திசையில் மடங்குகின்றன என்று வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தக் காற்றுக்குக் கடலில் என்ன அர்த்தம் என்பது, பேருந்தைவிட்டு இறங்கி மணல் முகத்தில் அடித்தபோதுதான் உறைத்தது. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அவ்வளவு நேரம் ஆகியிருக்கக் கூடாது.

சங்க அலுவலகத்தில் அண்ணி நாற்காலியில் இல்லை, நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு பெண். அண்ணன் படகில் கூடப் போகிறவரின் மனைவி, எங்கள் அடுத்த தெரு. இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதான் ஏழு நாப்பதுன்னு போட்டிருக்கே" என்றார் அந்தப் பெண். "மணி எட்டரை ஆகப் போவுது. இன்னும் காணுமே."

அண்ணன் படகின் வரியில், திரும்பும் நேரம் என்ற தலைப்புக்குக் கீழே, 7.40 என்று இருந்தது. அந்த வரி மட்டும் இல்லை. கடலுக்குப் போயிருந்த எல்லாப் படகுக்கும் அந்தத் தலைப்பின் கீழே ஒரு நேரம் இருந்தது, எல்லாமே கடந்துபோன நேரங்கள், ஆனாலும் ஒரு வரிகூடச் சிவப்பாகவில்லை. கடைசியாகப் பேசிய நேரம் என்ற தலைப்பின் கீழே ஒன்றுமே இல்லை. மேலிருந்து கீழ்வரை வெறுமையாகக் கிடந்தது. அதாவது எல்லாரும் இத்தனை மணிக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், யாரும் வரவில்லை, கரையில் இருப்பவர்களிடம் ஒருவர்கூடப் பேசவும் இல்லை. திரை சொன்னது அதுதான்.

"இதை யாரு போட்டது?" என்றார் அண்ணி. குரல் தணிந்துதான் இருந்தது.

விடியற்காலையிலிருந்து எட்டு மணிவரை படகுகளைப் பதிவு செய்து வயர்லெஸ்ஸும் கேட்கிற கிளார்க் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். அவருடைய போன் அணைந்திருந்தது. அண்ணன் படகை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார் அண்ணி. கரகரவென்ற சத்தம்தான் வந்திருக்கிறது. தூரம் போனால் அப்படித்தான், சில நேரம் எட்டும், சில நேரம் எட்டாது.

எங்கள் பக்கம் கடலுக்குப் போகிறவனிடம் எப்போது வருவாய் என்று கேட்க மாட்டார்கள். போகிறவனும் இத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்ல மாட்டான். யாரும் எங்களை உட்காரவைத்து இதைச் சொல்லிக்கொடுத்தது கிடையாது. அந்த வார்த்தை வாயில் வராது, அவ்வளவுதான். அடுப்பில் உலை ஏறும், அண்ணனுக்கும் சேர்த்து அரிசி விழும், ஆனால் எப்போது சாப்பிட வருவான் என்று ஒருவரும் சொல்லிக்கொள்ள மாட்டோம். என் பிறவியில் ஒரு தடவைகூட அண்ணனிடம் நான் அதைக் கேட்டதில்லை. அப்படியிருக்க அதைக் கேட்கிற ஒரு கட்டத்தைத் தஞ்சாவூரில் உட்கார்ந்து எப்படி எழுதினேன் என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது. வாய்க்குத் தெரிந்த ஒன்று கைக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

ஒருவர் வாயிலிருந்தும் வர முடியாத ஒரு சொல் எல்லாப் படகுக்கும் நேராகத் திரையில் எழுதப்பட்டிருந்தது. அது பொய்த்தும் போயிருந்தது. அந்த அறையில் இருந்த பயத்துக்கு வாடைக்காற்று பாதிக் காரணம் என்றால் மீதிக் காரணம் என் நிரல்.

"நீ போட்டியா பாப்பா?" என்றார் அண்ணி.

இல்லை என்றேன். மாதிரி நேரங்களையெல்லாம் முன்பே அழித்திருந்தேன். இவை நான் எழுதியவை இல்லை. அப்படியானால் எங்கிருந்து வந்தன? பயம் ஒரு பக்கம் இருந்தாலும், அந்தக் கேள்வி மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்து நின்றது. என் குணம் அப்படி. குனிந்து வரியைப் பார்த்தேன். தலைப்பில் ஐந்து கட்டங்கள். கீழே அண்ணன் படகின் வரியில் நான்குதான் இருந்தன.

அண்ணன் படகின் வரியைத் தொட்டேன். வலப்பக்கத்தில் அதன் முழு விவரம் விரிந்தது. அங்கே ஒவ்வொரு விவரமும் தன் பெயரோடு தனித்தனியாக இருக்கும், தடுமாற வழியில்லை. திரும்பும் நேரம் என்பதற்கு எதிரே ஒன்றுமில்லை, அதனால்தான் சிவப்பும் வரவில்லை. கடைசியாகப் பேசியது என்பதற்கு எதிரே 7.40.

"அண்ணி, அது வர்ற நேரம் இல்ல. பேசுன நேரம்" என்றேன். "ஏழு நாப்பதுக்கு அண்ணன் பேசியிருக்கான். கிளார்க் அதைத்தான் எழுதியிருக்காரு."

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு படகாகத் தொட்டுத் தொட்டு வலப்பக்கத்தைப் படித்தார். எல்லாரும் பேசியிருந்தார்கள். காற்று ஏறத் தொடங்கிய பிறகுதான் பேசியிருந்தார்கள். வருகிற நேரத்தை ஒருவரும் சொல்லவில்லை, கிளார்க்கும் கேட்கவில்லை. அவரும் இந்தத் துறைக்காரர்தானே, அந்தக் கட்டத்தை எல்லாப் படகுக்கும் காலியாக விட்டிருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். இடப்பக்கத்துப் பொத்தான்களின் மேல் எண்ணிக்கை காட்டும் சின்னச் சின்ன அடையாளங்கள் வரும் இடத்தில், மதிப்பு இல்லாவிட்டால் பெட்டியையே வரையாதே என்று ஒரு விதி எழுதியிருந்தேன். காலி அடையாளங்கள் அசிங்கமாகத் தெரியக் கூடாது என்பதற்காக. அதே விதியைப் பட்டியலுக்கும் அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். இல்லாத பெட்டிக்கு ஃபிளெக்ஸ்பாக்ஸ் இடம் விடாது. நாலாவது ஆள் இருக்கையில் இல்லையென்றால் ஐந்தாவது ஆள் நகர்ந்து அங்கே உட்கார்ந்துகொள்வார். தஞ்சாவூரில் நான் எல்லாக் கட்டத்தையும் நிரப்பி வைத்துப் பார்த்தேன், அதனால் யாரும் நகரவில்லை. எங்கள் துறையில் அந்தக் கட்டம் நிரம்பவே நிரம்பாது.

பேசியிருக்கிறான் என்பது வந்துவிட்டான் என்பதாகாது. ஜன்னலுக்கு வெளியே துறையின் ஓரத்துத் தென்னைகள் காற்றில் தலையை விரித்து ஆடிக்கொண்டிருந்தன. செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் லேப்டாப்பைத் திறந்துகொண்டு மேலாளரைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில்தான் பேசினேன், ஒரு கை தட்டச்சில் இருந்தது. அவர் கேட்டுவிட்டு உடனே வழி சொன்னார்.

"அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கிடுங்க. நிரப்புனாத்தான் பதிவாகும்னு வச்சுட்டா எப்பவும் அஞ்சும் இருக்கும். சுலபம்தாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி திரும்பினார். "சார், நான் அவங்க அண்ணி பேசுறேங்க. கட்டாயம்னா நான் அங்க என்னத்த எழுதுறது? கடலுக்குப் போறவங்ககிட்ட எப்ப வருவீங்கன்னு கேக்க முடியாதுங்க. நாங்க கேக்குறதில்ல."



"சரிதாங்க" என்றார் மேலாளர். "வெளில கெளம்புறப்ப எங்கன்னு யாராவது கேட்டுட்டா, எங்க அப்பா திரும்பி வந்து உக்காந்து, தண்ணி குடிச்சிட்டுத்தான் மறுபடி போவாரு. நான் யோசிக்கலைங்க. நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே செய்யச் சொல்லுங்க."

நிரப்பச் சொல்லி ஆட்களைப் பிடித்துத் தள்ளலாம், அல்லது காலியாக இருக்கும் பெட்டிக்கும் இடம் கொடுக்கலாம். இரண்டாவதைச் செய்தேன். மதிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெட்டியை வரை, அதன் அகலம் சுருங்காது. அந்த விதியை எடுக்க நிரலில் ஒரே ஒரு வரியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. பக்கத்தைப் புதுப்பித்தேன். நேரங்கள் எல்லாம் ஒரு கட்டம் வலப்பக்கமாக நகர்ந்து தம் தலைப்புக்கு நேரே போய் நின்றன. நாலாவது கட்டம் மேலிருந்து கீழ்வரை வெறுமையாக, தன் அகலத்தோடு இருந்தது.

"பஸ்ல துண்டு போட்டு எடம் புடிச்சு வப்பாங்களே, அது மாதிரியா?" என்றார் அண்ணி.

"அதேதான் அண்ணி."

"ஆள் வர்ற வரைக்கும் வேற யாரும் உக்கார முடியாதில்ல?"

"முடியாது." பிறகு சொன்னேன், "அந்தக் கட்டமே வேண்டாம்னாலும் எடுத்துடுறேன். செவப்பாவுறதையும் எடுத்துடுறேன்."

"செவப்பை எடுத்துடு. கட்டம் இருக்கட்டும்" என்றார் அவர். "வந்து சேந்தவங்களுக்கு நான் போட்டுக்கிறேன்."

அதற்கப்புறம் படகுகள் வரத் தொடங்கின. ஒன்று வந்தது, அண்ணி ஜன்னல் வழியாகப் பார்த்து, வந்த நேரத்தை அந்தப் படகின் காலிக் கட்டத்தில் தட்டினார். இன்னொன்று வந்தது. பிறகு இரண்டு சேர்ந்து வந்தன. ஒவ்வொரு நேரமும் உள்ளே விழ, பட்டியல் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. நான் அதை வெறும் வேலை நேர்த்தியாகத்தான் முதலில் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் எங்கோ எனக்குப் புரிந்தது. நாங்கள் நினைக்காமலே அந்தக் கட்டம் வேறொன்றாக மாறியிருந்தது. இனி வரியைப் படிக்க வேண்டாம், பெயரைப் பார்க்க வேண்டாம். அந்த ஒரு தலைப்பின் கீழே மேலிருந்து கீழ்வரை கண்ணை ஓட்டினால் போதும். எங்கே வெறுமையாக இருக்கிறதோ அவர்கள் இன்னும் கடலில் இருக்கிறார்கள்.

அது புரிந்த சந்தோஷம் நீடிக்கவில்லை. வெறுமைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. மேலேயும் கீழேயும் நேரங்கள் நிரம்பியிருக்க, அண்ணன் படகின் வரியில் மட்டும் அந்தக் கட்டம் வெள்ளையாக இருந்தது. அதன் அகலத்தை எழுதியது நான். சுருங்காதே, யாருக்கும் இடம் விடாதே என்று அதற்குச் சொன்னதும் நான். ஒரு காலிப் பெட்டி அவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பயமாக இருந்தது, அழுகையும் வந்தது. அது யாருக்கும் கேட்காதபடி, கரகரத்த வயர்லெஸ்ஸின் ஒலியைக் கொஞ்சம் கூட்டிவைத்தேன்.

அடுத்த தெருப் பெண் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். அவரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்நேரம் வந்திருக்கணுமே என்று யார் வாயிலும் வரவில்லை. அண்ணி கடலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி கடலைப் பார்த்தார். கீபோர்டில் அந்தக் கட்டத்துக்குப் போகிற விசையின் மேல் அவர் விரல் அழுத்தாமல் இருந்தது.

அடுத்த தெருப் பெண்தான் முதலில் எழுந்தார். அவருக்கு எஞ்சின் சத்தம் கேட்டிருக்கிறது. எனக்குக் காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படகு துறைக்குள் வந்து, கயிறு கட்டுகிற வரைக்கும் அவர் மேசைக்கு வரவில்லை. கட்டிய பிறகுதான் வந்து உட்கார்ந்தார்.

அண்ணன் அலுவலகத்துக்குள் வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வலையில் பாதியை அறுத்துவிட்டு வந்ததாகச் சொன்னான். என்னைப் பார்த்து, "நீ எப்ப வந்த?" என்றான். பிறகு புது நிரலைப் பார்க்கும் ஆசையில் மேசையை எட்டிப் பார்த்தான்.

"என்ன, எல்லாருக்கும் போட்டிருக்க. எனக்கு மட்டும் காலியாக் கெடக்கு?"

அண்ணி நேரத்தைத் தட்டினார். தப்பாக விழுந்தது, அழித்துவிட்டு மறுபடி தட்டினார். கட்டம் நிரம்பியது, வரி அப்படியே இருந்தது. அவர் மவுஸின் சக்கரத்தை மேலும் கீழும் ஒருமுறை உருட்டிப் பார்த்தார். இடது கையால் அண்ணனின் ஈரச் சட்டை நுனியைப் பிடித்திருந்தார், அதை விடவே இல்லை.

"இப்ப அசையல பாப்பா" என்றார் என்னிடம்.